1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டமும் நமது திருப்பணியும்: ஒரு திறனாய்வு

கிறிஸ்தவ ஒழுக்கவியல் பாடத்தில் குடும்பம் என்னும் பகுதிக்கு வரும்போதெல்லாம் மாணவர் ஒருவர் தவறாமல் கூறும் வாக்கியம் ஒன்றுண்டு: கிறிஸ்தவச் சட்டம் மணமுறிவை அனுமதிப்பதில்லை. ஏனையோர் தலையசைப்பர். எந்தச் சட்டம் என்று நாம் வினவினால் வகுப்பில் அமைதி நிலவும். பின்னர் ஒருவர் மத்தேயு 19ஆம் அதிகாரத்தைச் சுட்டுவார். மற்றொருவர் தம் பேராயத்தின் விதிகளைச் சுட்டுவார். அரசு இயற்றிய சட்டம் ஒன்று உண்டு என்பதும், அது இந்தியக் கிறிஸ்தவர்களின் மணவாழ்வை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஆண்டுவருகிறது என்பதும் மிகச் சிலருக்கே தெரிந்திருக்கும். அச்சட்டத்தை ஒரு முறையேனும் வாசித்தவரைக் காண்பது அரிது.

திருமறையின் போதனை, திருச்சபையின் ஒழுங்கு, அரசின் சட்டம் ஆகிய மூன்றும் வேறு வேறானவை. இவற்றை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம். அதனால் 1869ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டத்தை நற்செய்தியின் காவற்கோட்டை எனக் கருதி நெடுங்காலம் மதித்துவந்தோம். அச்சட்டத்தின் வாசகத்தைத் திருமறைப் பகுதியொன்றை ஆராய்வதுபோல் ஆராய்ந்தால், அது காத்து நின்றது நற்செய்தியின் மண நெறியன்று என்பது தெளிவாகும். அது காத்தது வேறொன்று. அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் நம் சபைகளின் பெண்கள். இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சட்டத்தின் பிறப்பு

இச்சட்டம் இந்தியத் திருச்சபையின் சிந்தனையிலிருந்து பிறந்ததன்று. அதன் தாய் இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டுத் திருமண வழக்குச் சட்டமாகும். அதுவரை இங்கிலாந்தில் திருமண வழக்குகள் திருச்சபை நீதிமன்றங்களின் அதிகாரத்தில் இருந்தன. அவை கணவனும் மனைவியும் பிரிந்து வாழ ஆணையிடக்கூடுமேயன்றி மணக்கட்டை அவிழ்த்து மறுமணத்திற்கு இடமளிக்க இயலாது. பெருஞ்செல்வர் மட்டுமே பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற்றி முழு மணமுறிவு பெற்றனர். 1857ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வதிகாரத்தைத் திருச்சபையிடமிருந்து எடுத்து அரசு நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது.

அச்சட்டத்தை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர் கிளாட்ஸ்டன். ஆங்கிலிக்கன் திருச்சபைப் பற்று மிக்க அவர் மணக்கட்டு அவிழ்க்கத்தக்கதன்று எனும் கொள்கையினர். ஆயினும் மணமுறிவு அனுமதிக்கப்படுமாயின் ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி என இருத்தலாகாது என்றும் அவர் வாதிட்டார். மணத்தின் தூய்மையைப் பற்றிய வைராக்கியமும் பெண்ணுக்குரிய நீதியைப் பற்றிய அக்கறையும் ஒரே உள்ளத்தில் குடியிருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. அவருடைய வாதம் அன்று தோற்றது. தோற்ற அவ்வாதத்தின் நிழல் பன்னிரண்டு ஆண்டுகளில் நம் நாட்டின் மீதும் விழுந்தது.

1869இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இயற்றிய சட்டம் ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படையை அவ்வாறே எடுத்துக்கொண்டது. அதன் 7ஆம் பிரிவு, இந்திய நீதிமன்றங்கள் இங்கிலாந்தின் மணமுறிவு நீதிமன்றம் பின்பற்றும் கோட்பாடுகளையும் விதிகளையுமே பின்பற்ற வேண்டும் என்று வெளிப்படையாகக் கட்டளையிட்டது. திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் உள்ள கிறிஸ்தவக் குடும்பத்தின் துயரத்திற்குத் தீர்ப்பளிக்கும் அளவுகோல் இலண்டனில் இருந்தது.

2. சட்டத்தின் வாசகம்

10ஆம் பிரிவே இச்சட்டத்தின் இதயம். 2001ஆம் ஆண்டுக்கு முன் அப்பிரிவு கூறியது இது: மனைவி விபசாரம் செய்தாள் எனக் கணவன் மெய்ப்பித்தால் அவன் மணமுறிவு பெறலாம். அவனுக்கு இவ்வொரு காரணமே போதும். மனைவிக்கோ கணவனின் விபசாரம் மட்டும் போதாது. அவ்விபசாரம் மணஞ்செய்யத் தகாத நெருங்கிய உறவுடையவளோடு செய்யப்பட்டிருக்க வேண்டும். அன்றேல் அதனோடு இருதார மணம் சேர்ந்திருக்க வேண்டும். அன்றேல் கொடுமை சேர்ந்திருக்க வேண்டும். அன்றேல் தக்க காரணமின்றி இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ கைவிட்டிருக்க வேண்டும். கணவன் கிறிஸ்தவ சமயத்தை விட்டு வேறு சமயம் தழுவி வேறொருத்தியை மணந்திருந்தாலும், கற்பழிப்பு முதலிய கொடிய குற்றங்களைச் செய்திருந்தாலும் அவள் வழக்கிடலாம்.

இவ்வாசகத்தின் இலக்கணத்தை மாணவர் ஊன்றி நோக்க வேண்டும். ஆணுக்கு ஒரு சொல். பெண்ணுக்கு ஒரு சொல்லும் அதனோடு இணைக்கப்பட்ட மற்றொரு சொல்லும். கணவன் நாள்தோறும் அடித்தாலும் வேறு பெண்ணிடம் செல்லாதவனாயின் அவளுக்கு மணமுறிவு இல்லை. அவன் வேறு பெண்ணிடம் சென்றாலும் மனைவியை அடிக்காமலும் கைவிடாமலும் இருப்பானாயின் அப்போதும் இல்லை. இரண்டு தீமைகளையும் ஒருங்கே அனுபவித்து, இரண்டையும் நீதிமன்றத்தில் மெய்ப்பித்தவளுக்கே வாசல் திறந்தது.

ஏன் இந்த வேறுபாடு? விடை வேறு சில பிரிவுகளில் ஒளிந்திருக்கிறது. 34ஆம் பிரிவின்படி கணவன் தன் மனைவியோடு விபசாரம் செய்தவனிடமிருந்து நட்ட ஈடு கோரலாம். வயலில் அத்துமீறி மேய்ந்த மாட்டின் உரிமையாளனிடம் ஈடு கேட்பது போன்றதே இது. தன் கணவனைக் கவர்ந்தவளிடம் ஈடு கோரும் உரிமை மனைவிக்கு இல்லை. 39ஆம் பிரிவின்படி விபசாரக் குற்றமுடைய மனைவிக்குச் சொத்து இருப்பின், அதிலொரு பங்கைக் கணவனுக்கோ பிள்ளைகளுக்கோ ஒதுக்க நீதிமன்றம் ஆணையிடலாம். 36ஆம் பிரிவு, வழக்கு நடக்கும் காலத்தில் மனைவிக்குக் கிடைக்கும் பிழைப்பூதியம் கணவனின் நிகர வருமானச் சராசரியில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என வரம்பிட்டது. இவற்றைச் சேர்த்து வாசித்தால், சட்டம் காத்தது மணத்தின் தூய்மையையன்று, மனைவியின் உடல்மீது கணவனுக்குரிய உடைமை உரிமையையும் வாரிசுரிமையின் ஒழுங்கையும் என்பது புலப்படும்.

இது நம் கற்பனையன்று. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் 10ஆம் பிரிவின் இவ்வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணானதன்று எனத் தீர்ப்பளித்தபோது கூறிய காரணத்தைக் காண்க: மனைவியின் விபசாரத்தால் பிறர் குழந்தை கணவனின் குழந்தையாகக் குடும்பத்தினுள் வரக்கூடும், கணவனின் விபசாரத்தால் அவ்வாறு நேராது. குழந்தை எவருடையது என்பதே கேள்வி. உடன்படிக்கை முறிந்ததா என்பது கேள்வியன்று.

நடைமுறையும் கடினமாக்கப்பட்டிருந்தது. 17ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிபதி அளித்த மணமுறிவுத் தீர்ப்பு உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளால் உறுதிப்படுத்தப்பட்டாலன்றிச் செல்லாது. மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை 2004இல்தான் தொடங்கப்பட்டது. அதுவரை தென்மாவட்டச் சிற்றூரிலுள்ள ஒரு பெண், தன் ஊர் நீதிமன்றத்தில் வென்ற பின்னரும், சென்னையிலிருந்து வரவேண்டிய உறுதிக்காகக் காத்திருந்தாள். நாட்டின் வேறெந்தச் சமயத்தாருக்கும் இச்சுமை இல்லை.

3. திருமறையின் வாசகம்

இனித் திருமறையை நோக்குவோம். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் பரிசேயர் ஆண்டவரிடம் எழுப்பிய வினா, புருஷன் தன் மனைவியைத் தள்ளிவிடலாமா என்பது. வினாவின் எழுவாய் ஆண், பெண் செயப்படுபொருள். இல்லேல், சம்மாய் எனும் இரு ஆசிரியரின் பள்ளிகள் உபாகமம் 24ஆம் அதிகாரத்தைப் பற்றி வாதிட்டு வந்த காலம் அது. உணவைக் கெடுத்துவிட்டாலும் மனைவியைத் தள்ளலாம் என்றது ஒரு பள்ளி. ஒழுக்கக் கேடு இருந்தாலன்றிக் கூடாது என்றது மற்றொன்று. இரு பள்ளிகளும் ஆணின் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையே அளந்தன.

ஆண்டவர் அந்த அளவுகோலையே ஏற்கவில்லை. அவர் படைப்பின் தொடக்கத்திற்குச் சென்றார். அங்கே ஆணும் பெண்ணுமாகத் தேவன் உண்டாக்கினார். இருவரும் ஒரே மாம்சம். பின்னர் வீட்டில் சீடருக்கு விளக்கியபோது, மனைவியைத் தள்ளி வேறொருத்தியை மணப்பவன் தன் முதல் மனைவிக்கு விரோதமாகவே விபசாரம் செய்கிறான் என்றார். யூதச் சட்டத்தில் விபசாரம் என்பது வேறொரு கணவனுக்கு எதிரான குற்றம். அது மனைவிக்கு எதிரான குற்றமாகவும் இருக்கக்கூடும் என்று கூறியது அந்நாளில் புதிய பேச்சு. அதே மூச்சில் கணவனைத் தள்ளும் மனைவியைப் பற்றியும் அதே அளவில் பேசினார். இருவருக்கும் ஒரே நீதி. 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவை மாற்கு 10:11க்கு அருகில் வைத்து வாசிப்பவர், ஆண்டவர் விட்டுச்சென்ற இடத்திற்குச் சட்டம் மறுபடியும் திரும்பிச் சென்றதைக் காண்பார்.

மத்தேயு 19:9இல் உள்ள விதிவிலக்கை ஆதாரமாகக் கொண்டே 10ஆம் பிரிவு எழுந்தது என்று சொல்லுவோர் உண்டு. அவ்விதிவிலக்கு பெண்ணுக்குரிய நிபந்தனைகளை இரட்டிப்பாக்கவில்லை என்பதை அவர்கள் மறந்தனர். அன்றியும் தள்ளுதற்சீட்டைப் பற்றி ஆண்டவர் கூறியது ஆழ்ந்து நோக்கத்தக்கது. மோசே அதனை இருதய கடினத்தினிமித்தம் அனுமதித்தார் என்றார். எவருடைய இருதய கடினம்? வினா எழுப்பிய ஆண்களின் இருதய கடினம். வீட்டை விட்டு விரட்டப்பட்ட பெண்ணின் கையில் எழுத்தாலான சான்று ஒன்று இருக்கட்டும், அவளை மீண்டும் தன் உடைமை என்று எவனும் உரிமை கொண்டாடாதிருக்கட்டும் என்பதே அச்சீட்டின் பயன். தேவனுடைய சித்தம் ஒன்றாயிருத்தலே. ஆயினும் விழுந்துபோன உலகில் சட்டத்தின் பணி, வலியவனின் இருதய கடினத்திலிருந்து எளியவளைக் காப்பது. சட்டம் நற்செய்தியாக இயலாது. ஆனால் எளியவளைக் காக்கத் தவறிய சட்டம் மோசேயின் சட்டத்தளவுக்கும் உயரவில்லை.

பவுலும் 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தில், நம்பிக்கையற்ற துணை பிரிந்துபோனால் சகோதரனோ சகோதரியோ அடிமைப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று ஆயருக்குரிய உள்ளத்தோடு எழுதினார். இதன் நிழலை 1866ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் காணலாம். சர் ஹென்றி மெய்ன் சட்ட உறுப்பினராயிருந்த காலத்தில் இயற்றப்பட்ட அச்சட்டம், கிறிஸ்தவம் தழுவியதால் துணையால் கைவிடப்பட்டவர் நீதிமன்றத்தின் வாயிலாக மணக்கட்டிலிருந்து விடுபட வழி செய்தது. இதிலுள்ள முரணைப் பாருங்கள். புதிதாக மனந்திரும்பிக் கைவிடப்பட்டவருக்கு ஒரு வழி இருந்தது. பிறப்பு முதல் கிறிஸ்தவளாயிருந்து கிறிஸ்தவக் கணவனால் கைவிடப்பட்டவளுக்கு, கைவிடப்பட்டது ஒன்றையே காரணமாகக் கொண்டு விடுபட வழியில்லை.

4. நமது மௌனம்

தாய்ச் சட்டம் தன் நாட்டில் நிலைத்து நிற்கவில்லை. 1923இல் இங்கிலாந்து கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே காரணத்தை வகுத்தது. 1937இல் கொடுமை, கைவிடுதல், குணமாகாத மனநோய் ஆகியவற்றைத் தனித்தனிக் காரணங்களாக ஏற்றது. இந்தியாவிலோ 1869ஆம் ஆண்டு வாசகம் அசையாது நின்றது. 1955இல் இந்து திருமணச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர், அண்டை வீட்டு இந்துப் பெண்ணுக்குத் திறந்த வாசல்கள் பல கிறிஸ்தவப் பெண்ணுக்கு அடைபட்டே இருந்தன.

அரசு முற்றிலும் உறங்கியது என்று கூறலாகாது. 1960இல் சட்ட ஆணையம் தன் 15ஆவது அறிக்கையில் கிறிஸ்தவர்களின் மண, மணமுறிவுச் சட்டங்களைத் திருத்தப் பரிந்துரைத்தது. 1962இல் பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவரப்பட்டு, நிறைவேறாமலே காலாவதியாயிற்று. 1982இல் உச்ச நீதிமன்றம், 7ஆம் பிரிவின் துணைகொண்டு இருவரும் ஒப்பிப் பெறும் மணமுறிவை இச்சட்டத்தினுள் கொண்டுவர இயலாது. மாற்றம் வேண்டுமாயின் அது சட்டமியற்றும் மன்றத்தின் பணி என்றது. 1983இல் சட்ட ஆணையம் 90ஆவது அறிக்கையில் மீண்டும் வலியுறுத்தியது. அப்போதும் சட்டம் மாறவில்லை.

இறுதியில் வழி திறந்தது நீதிமன்றம் சென்ற பெண்களால். 1995இல் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, 10ஆம் பிரிவில் விபசாரத்தோடு வேறொன்றையும் இணைத்துக் கேட்ட சொற்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என நீக்கியது. அதனால் கொடுமையோ கைவிடுதலோ தனித்து நின்றே போதுமான காரணமாயிற்று. 1997இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வும் அவ்வழியே சென்றது. கிறிஸ்தவப் பெண்கள் அமைப்புகளும் திருச்சபைகள் சிலவற்றின் தலைவர்களும் கூடி மாதிரி மசோதாக்களை வரைந்து அரசிடம் அளித்ததையும் நன்றியோடு நினைவுகூர வேண்டும். 2001ஆம் ஆண்டு 51ஆம் எண் திருத்தச் சட்டத்தால் பாராளுமன்றம் 10ஆம் பிரிவை முழுதும் மாற்றியது. 7, 34, 36ஆம் பிரிவுகளின் பழைய சுமைகளும், 39ஆம் பிரிவும், மூன்று நீதிபதிகளின் உறுதிப்பாடும் ஒழிந்தன. சட்டத்தின் பெயரிலிருந்த 'இந்திய' எனும் சொல்லும் நீங்கியது.

1869 முதல் 2001 வரை 132 ஆண்டுகள். இக்காலம் முழுதும் நம் பிரசங்க பீடங்கள் குடும்பத்தைப் பற்றி மௌனமாயிருக்கவில்லை. பிரசங்கித்தோம், ஆனால் இச்சட்டத்தை வாசிக்கவில்லை.

இவ்விடத்தில் நாம் ஓர் அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஊழியத்தின் முதலாண்டுகளில், சிற்றூர்ச் சேகரமொன்றில் நாம் பணியாற்றினோம். இரு பிள்ளைகளின் தாயான ஒரு சகோதரி, பீடி சுற்றிப் பிழைப்பவர், ஒரு மாலையில் நம் இல்லத்திற்கு வந்தார். கணவர் குடித்துவிட்டு அடிப்பவர். சில வேளைகளில் மாதக்கணக்கில் வெளியூரில் இருந்துவிடுபவர். அவர் விபசாரம் செய்தார் என்பதற்கு எச்சான்றும் இல்லை. அச்சகோதரி கேட்டது ஒன்றே: "ஐயா, எனக்கு ஏதாவது ஒரு வழி உண்டா?" சட்டத்திலும் வழியில்லை, வேதத்திலும் வழியில்லை என்று நாம் விடையளித்தோம். ஜெபித்தோம். பொறுமையாயிருக்கச் சொல்லி அனுப்பினோம். அவர் வணங்கிப் புறப்பட்டார். சில மாதங்களுக்குப் பின் கட்டுப் போட்ட கையோடு ஆராதனைக்கு வந்தார். அதற்குப் பின் திருவிருந்துக்கு அவர் வருவது நின்றது. நாம் மாற்றலாகிச் சென்றோம்.

பல ஆண்டுகளுக்குப் பின், வகுப்பிற்கு ஆயத்தம் செய்யும்பொருட்டு 1869ஆம் ஆண்டுச் சட்டத்தை முதன்முறையாக வாசித்தபோதுதான் நமது தவறு எத்தகையது என்று தெரிந்தது. நாம் இகழ்ந்துரைத்துவரும் அப்பழைய சட்டத்திலேயே 22ஆம் பிரிவு ஒன்றிருந்தது. கொடுமை ஒன்றையே காரணமாகக் காட்டி, கணவனை விட்டுப் பிரிந்து வாழும் தீர்ப்பை மனைவி பெற்றிருக்கலாம். மறுமணம் செய்ய இயலாது. ஆனால் அவ்வீட்டில் இருந்து அடிபட வேண்டியதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி தமக்கும் பிள்ளைகளுக்கும் பிழைப்பூதியம் கோரியிருக்கலாம். குறைபாடுள்ள சட்டம் கொடுத்த சிறு புகலிடத்தையும் நமது அறியாமை அச்சகோதரிக்கு மறுத்தது. அதனை நாம் வேதத்தின் பெயரால் செய்தோம். சட்டத்தைக் குறைகூறுமுன் இதனைச் சொல்லாதிருப்பது நேர்மையாகாது.

5. இன்றைய நிலை

2001க்குப் பின் 10ஆம் பிரிவு விபசாரம், கொடுமை, இரண்டாண்டுக் கைவிடுதல், வேறு சமயம் தழுவுதல், மனநோய், ஏழாண்டு காணாமற்போதல் முதலிய காரணங்களை இருவருக்கும் பொதுவாக வகுத்துள்ளது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு இருவரும் ஒப்பி மணமுறிவு கோர வழி செய்கிறது. இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் குறையற்றதன்று.

10ஏ பிரிவு, மனு அளிக்குமுன் இருவரும் இரண்டு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இக்காலம் ஓராண்டே. 2010இல் கேரள உயர்நீதிமன்றம் இவ்விரண்டு ஆண்டை ஓராண்டாகக் கொள்ள வேண்டும் என்றது. 2022இல் அதே நீதிமன்றம், மனு அளிக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும் எனும் நிபந்தனையும் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. கிறிஸ்தவர் மட்டும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்பதற்குத் திருமறையில் ஆதாரம் காண்பது கடினம்.

இன்னொன்று நம்மை வெட்கப்பட வைப்பது. 1869ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாயிருக்கவில்லை. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் புதிதாகச் சேர்த்தது. அதுவும் கூட்டு மருந்துகளால் தொழுநோய் குணமாகும் எனத் தெளிவான பின்னர். வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளரைத் தொட்டுப் பணிசெய்த மரபு நம்முடையது. அவ்வாறிருக்க, நம் பெயரால் இயன்ற சட்டத்தில் நோயாளியைத் தள்ளிவிட வழி எழுதப்பட்டபோது நாம் அதனைக் கவனிக்கவேயில்லை. 2019இல் பாராளுமன்றம் இக்காரணத்தைப் பல சமயத்தாரின் சட்டங்களிலிருந்தும் ஒருங்கே நீக்கியது.

அன்றியும் நாம் மௌனமாயிருந்தால் பிறர் நமக்காகச் சட்டம் இயற்றுவர். உத்தராகண்ட் மாநிலம் 2024இல் இயற்றிய பொதுக் குடிமையியல் சட்டம் 2025 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பழங்குடியினர் நீங்கலாக அம்மாநிலத்துக் கிறிஸ்தவரின் மணமும் மணமுறிவும் இன்று அதன்கீழ் வருகின்றன. அச்சட்டத்தை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ தனி ஆய்வுக்குரியது. ஆனால் சிறுபான்மையோரின் தனிச் சட்டத்தைக் காக்க வேண்டும் என்று குரல் எழுப்புவோர், அத்தனிச் சட்டம் தம் சொந்தப் பெண்களுக்கு நீதி செய்ததா என்னும் வினாவுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள்.

6. ஓர் எதிர்வாதம்

வழி எளிதானால் வீடுகள் உடையும், பிள்ளைகள் அனாதையாவர், திருச்சபை உலகத்தின் வேஷத்தைத் தரித்துக்கொள்ளும் என்று அஞ்சும் உடன் ஊழியர் உளர். இவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். சிறு பிணக்குகளுக்காக நீதிமன்றத்தை நாடும் இளந்தம்பதியரை நாமும் காண்கிறோம். ஒப்புரவாக்குதல் திருப்பணியின் மையம். அதனைக் கைவிடுமாறு இங்கே எவரும் கோரவில்லை.

ஆயினும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். கடுமையான அச்சட்டம் ஆண்ட 132 ஆண்டுகளில் அது வீடுகளைக் காத்ததா, வீட்டின் கதவை மட்டும் பூட்டியதா? ஒரே கூரையின்கீழ் அச்சத்தோடு வளர்ந்த பிள்ளைகளும் ஒருவகையில் அனாதைகளே. விபசாரம் ஒன்றே வழி என்று சட்டம் சொன்னபோது, விடுபட விரும்பிய கணவன் குற்றமற்ற மனைவிமீது அப்பழியைச் சுமத்தும் சோதனைக்கும் அது இடங்கொடுத்தது. இரண்டாவது, மணத்தின் தூய்மையைக் காக்கும் பொறுப்பு எவருடையது? அது திருச்சபையின் போதனைக்கும் ஆயத்தப்படுத்தலுக்கும் உரியது. அப்பொறுப்பை நாம் நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டு, அது கதவைத் திறக்கும்போது அதனைக் குறைகூறுவது தகுமோ?

7. ஆயரின் கடமை

1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ், திருமணத்தை நடத்தி வைக்கும் ஆயர் திருச்சபையின் பணியாளராக மட்டும் நிற்பதில்லை. அரசின் சட்டத்தை நிறைவேற்றுபவராகவும் நிற்கிறார். நம் ஆலயத்து மணப் பதிவேடு அரசின் பதிவேடு. அதன் பிரதி அரசுக்குச் செல்கிறது. மணநாளில் நாம் சட்டத்தின் கையாக இருக்கிறோம். மணவாழ்வு முறியும் நாளிலோ சட்டம் நமக்குத் தெரியாது என்கிறோம். சேர்த்து வைத்தவர் என்ற முறையில் இரண்டையும் அறிந்திருப்பது நம் கடமை.

ஆகவே சேகரங்களுக்குச் செல்லும் மாணவருக்குச் சில கூறுவோம். மூன்று ஒழுங்குகளையும் வேறுபடுத்திப் பேசுங்கள்: திருமறை இவ்வாறு போதிக்கிறது, நம் திருச்சபை விதி இவ்வாறு கூறுகிறது, அரசின் சட்டம் இவ்வாறு அனுமதிக்கிறது. ஒன்றை மற்றொன்றின் பெயரால் சொல்லாதீர்கள். திருச்சபைத் தீர்ப்பாயம் ஒரு மணத்தைச் செல்லாது என்றாலும் அது அரசுச் சட்டத்தின்முன் மணக்கட்டை அவிழ்க்காது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதனை அறியாது மறுமணம் செய்பவர் இருதார மணக் குற்றத்திற்கு ஆளாகலாம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எச்சமயத்துப் பெண்ணுக்கும் உரியது. மணமுறிவு கோராமலே பாதுகாப்பும் குடியிருப்பும் பெற அதில் வழியுண்டு. பிழைப்பூதிய வழி இன்று 2023ஆம் ஆண்டு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் உள்ளது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அவ்வலுவலகம் உண்டு. அதன் இருப்பிடத்தை அறிந்துவைப்பது ஓர் ஆயருக்கு மருத்துவமனையின் இருப்பிடத்தை அறிவது போன்றது.

மணமுறிவு பெற்றவர் சபைக்கு வரும்போது அவரை எவ்வாறு ஏற்பது என்பதையும் சிந்திக்க வேண்டும். 1869ஆம் ஆண்டுச் சட்டமே இதில் நமக்குப் பாடம் கற்பிக்கிறது. தம் விபசாரத்தின் காரணமாக மணமுறிவுக்கு உள்ளான ஒருவரின் மறுமணத்தை நடத்துமாறு இங்கிலாந்துத் திருச்சபையின் எந்தக் குருவையும் வற்புறுத்தலாகாது என்றது 58ஆம் பிரிவு. ஆனால் அவர் மறுப்பாராயின் அதே ஆலயத்தில் வேறொரு குரு அதனை நடத்த இடங்கொடுக்க வேண்டும் என்றது 59ஆம் பிரிவு. குருவின் மனச்சாட்சியை மதித்த அச்சட்டம், ஆலயத்தின் கதவு அவருடைய மனச்சாட்சிக்கு மட்டும் சொந்தமன்று என்பதையும் உணர்ந்திருந்தது. இத்தனை குறைகள் உடைய சட்டத்திடமிருந்தும் இவ்வொன்றைக் கற்றுக்கொள்வதில் இழுக்கில்லை.

இருதய கடினம் மணமுறிவு கோருவோரிடம் மட்டும் இருப்பதன்று. வாசற்படியில் வந்து வழி கேட்டவருக்கு, வாசியாத சட்டத்தையும் அரைகுறையாக வாசித்த வேதத்தையும் விடையாகக் கொடுத்தவரிடமும் அது இருந்தது. வருங்கால ஆயர்கள் அத்தகைய விடையைக் கொடாதிருக்க வேண்டுமென்றே இதனை எழுதினோம். அடுத்த முறை ஒரு சகோதரி உங்கள் இல்லத்திற்கு வந்து அக்கேள்வியைக் கேட்கும்போது, முதலில் அவர் சொல்வதை முழுதும் கேளுங்கள். பின்னர் வழி உண்டு என்று சொல்லுங்கள். அதைச் சொல்லுமளவுக்கு இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.